போதும் என்று யார் சொல்வது?

நான் வேலை பார்ப்பது கனடாவின் யூகானில், வைட்ஹார்ஸ் என்கிற ஊரில் ஒரு சாமான் கடையில். ஆணி, தார்ப்பாய், கோடாலிக் காம்பு, பனியில் நடக்கிற செருப்பு, மான் இறைச்சியைப் பொதிகிற பருத்திப் பை என்று இந்தக் குளிர்நாட்டில் ஒரு வீட்டுக்கு என்னவெல்லாம் தேவையோ அதெல்லாம் கிடைக்கும். பின்பக்கக் கடைசி அலமாரியில் வலை தைக்கிற நைலான் நூல். ஒரு காலத்தில் ஜூன் பிறந்தால் அந்த அலமாரி காலியாகிவிடுமாம், பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் சேர்ந்த நாளாக அதில் தூசிதான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம் சரக்குக் கணக்கு எடுத்தபோது, “இந்த நூலை இனி வாங்க வேண்டாம்” என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை புத்தி. அந்த வாரமே ஒரு பாட்டி மூன்று கண்டு எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்து நின்றார். தெற்கே ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை சாமான் வாங்க வருகிறவர். டிலிங்கிட் இனத்து மூதாட்டி. முகம் தெரியும், பேச்சு அதிகம் கிடையாது.

“சால்மன் மீன் பிடிப்பதையே ஏழு வருடத்துக்கு நிறுத்திவிட்டார்களே, வலை எதற்குப் பாட்டி?” என்று கேட்டேன்.

“எலி கடித்துவிட்டது.”

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். “ஏழு வருடம் கழித்து எலி கடித்த வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகவா?” என்றார். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நூலை வாங்க வேண்டாம் என்று எழுதிய தாளை அன்று மாலையே கிழித்துப் போட்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யூகான் என்பது கனடாவின் வடமேற்கு மூலை, அலாஸ்காவுக்கு ஒட்டினாற்போல். நிலம் தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். மக்கள் 45,000-க்கும் மேல், நம் ஊரில் ஒரு நகராட்சி அளவு. அதிலும் முக்கால்வாசிப் பேர் வைட்ஹார்ஸில்தான். மீதி நிலமெல்லாம் காடு, மலை, ஏரி, அதில் அங்கங்கே புள்ளி வைத்தமாதிரி ஊர்கள். அந்த ஊர்களில் மூஸ் மானும் கேரிபூ என்கிற துருவ மானும் சால்மன் மீனும் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற சமாச்சாரம் கிடையாது. உறைபெட்டியில் இருக்கிற வருடச் சாப்பாடு. நாம் அரிசி மூட்டை என்று சொல்கிற இடத்தில் அவர்கள் மூஸ் என்று சொல்கிறார்கள்.

யூகான் ஆறு இங்கிருந்து அலாஸ்காவைக் குறுக்கே கடந்து பெரிங் கடலில் விழுகிறது. அந்தக் கடலிலிருந்து சினூக் சால்மன் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு, தான் பிறந்த ஓடையைத் தேடி இங்கே வருகிறது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு எதுவும் தின்னாது. உடம்பில் சேர்த்த கொழுப்பு ஒன்றுதான் கட்டுச்சோறு. 1958-இல் வைட்ஹார்ஸுக்குச் சற்று மேலே மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். மீன் ஏற வேண்டுமே என்று மறுவருடம் 366 மீட்டர் நீளத்துக்கு மரத்தில் ஒரு மீன் ஏணி வைத்தார்கள். படிப்படியாகத் தண்ணீர்த் தொட்டிகள், நடுவில் ஓரிடத்தில் கண்ணாடிச் சன்னல். ஆகஸ்டில் போனால் மீன் கடப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு பலகை இருக்கும், இதுவரை எத்தனை வந்தது என்று.

நான் முதல்முறை போனபோது ஒரு மணி நேரம் நின்றேன். ஒரே ஒரு மீன் வந்தது. என் முழங்கை முதல் விரல்நுனி வரைக்கும் வைத்தால் அதைவிட ஒன்றரை மடங்கு நீளம். உடம்பு செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. வாலின் ஓரம் கிழிந்து வெள்ளையாக நைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே இடத்தில் நின்றபடி வாயைத் திறந்து திறந்து மூடியது. காசிமேட்டில் ஐஸ் பெட்டியில் வரிசையாகக் கிடக்கிற வஞ்சிரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒற்றை மீனை இப்படி நின்று பார்ப்பது விநோதமாக இருந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அதற்கு டாட்டா காட்டியது. அது மேலே ஏறிப் போயிற்று. பலகையில் எண்ணை ஒன்று கூட்டி எழுதினார்கள்.

2022-இல் அந்தப் பலகை சீசன் முடிய 200-ஐத் தொடவில்லை. அலாஸ்கா எல்லையைத் தாண்டி கனடாவுக்குள் வந்த சினூக் மொத்தமே அந்த வருடம் சுமார் 12,000. காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். கடல் சூடாகிவிட்டது, ஆறு சூடாகிவிட்டது, மீனின் இதயத்தில் ஒட்டுண்ணி, பெரிங் கடலில் பொல்லாக் மீனுக்குப் போடுகிற இழுவை மடியில் சிக்குகிறது, அணை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இதில் எதையும் அந்தப் பாட்டியின் ஊர் செய்யவில்லை.

2024 ஏப்ரல் 1 அன்று கனடாவின் மீன்வளத் துறையும் அலாஸ்கா மாநிலத்தின் மீன்வளத் துறையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏழு வருடம், அதாவது சினூக்கின் ஒரு முழு ஆயுள், யாரும் பிடிக்கக் கூடாது. எல்லையைத் தாண்டி 71,000 வர வேண்டும் என்பது இலக்கு. 12,000 எங்கே, 71,000 எங்கே என்று பார்த்தால் நிறுத்தியதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால், குறிப்பாக அலாஸ்கா பக்கத்துப் பழங்குடிகள் பலர் கொதித்துப் போனார்கள். எங்கள் தட்டில் இருப்பதை எடுக்கிற பேச்சில் எங்களுக்கு நாற்காலி போடவில்லையே என்பது அவர்கள் கேள்வி.

இதில் எனக்குச் சுருக்கென்று தைத்த விஷயம் வேறு. டெஸ்லின் ஏரிப் பக்கத்து டிலிங்கிட் மக்கள், எந்த ஒப்பந்தமும் வருவதற்கு முன்பே, 1990-களின் கடைசியிலிருந்து தாங்களாகவே சினூக் பிடிப்பதைக் குறைத்து, பிறகு ஏறக்குறைய விட்டே விட்டார்கள். சட்டப்படி அவர்களுக்குப் பிடிக்க உரிமை இருந்தது. மீன் இல்லை, அதனால் வலையைப் போடவில்லை. அவ்வளவுதான். 2024-இல் பெரிய துறைகள் பேனா எடுத்துக் கையெழுத்திட்டபோது அந்த ஊர்ப் பிள்ளைகளில் ஒரு தலைமுறை, அம்மா சினூக் அறுப்பதைச் சரியாகப் பார்க்காமலே வளர்ந்துவிட்டிருந்தது.

நம் ஊர்ப் பந்தியில் பரிமாறுகிறவர் எப்போதும் “இன்னும் கொஞ்சம்” என்றுதான் சொல்வார். போதும் என்று சொல்வது சாப்பிடுகிறவர். இலைமேல் கையைக் குறுக்கே வைத்து மறித்தால் அதற்குப் பிறகு யாரும் போட மாட்டார்கள். அதே ஆளைப் பாதிச் சாப்பாட்டில் இன்னொருவர் வந்து “உனக்குப் போதும், எழுந்திரு” என்றால்? இலையில் மிச்சமிருக்கிற சோறு இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஆள் அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் வருவாரா?

என் அம்மா வழித் தாத்தா பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடித்தவர். அங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதில் பாடு இல்லாதவர்களுக்கு நியாயம் கிடைத்ததா என்பது தனிப் பஞ்சாயத்து, அதை இன்னொரு நாள் பேசலாம். நான் சொல்ல வந்தது, ஊர் சொன்னால் வலை கரையில் நிற்கும் என்பது எனக்குப் புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, அடுத்த முறை பாட்டி கடைக்கு வந்து, “பிப்ரவரியில் எங்கள் ஊரில் கூட்டம் இருக்கிறது, சும்மா வந்து உட்காரேன்” என்றதும் சரி என்றுவிட்டேன். என் தாத்தா மீனவர் என்று அவரிடம் நான் பெருமையடித்திருந்ததும் ஒரு காரணம். அந்தப் பெருமை பின்னால் என்னைக் காலை வாரியது.

கனடாவில் பழங்குடிகளை முதற்குடிகள் என்பார்கள். யூகானில் பெரும்பாலான முதற்குடிகளின் பாரம்பரிய நிலத்துக்குத் தனித்தனியாக ஒரு வளச் சபை இருக்கிறது. மொத்தம் பத்து. ஒவ்வொன்றிலும் ஆறு பேர் வரை. பாதிப் பேரை முதற்குடி அரசு சொல்லும், பாதிப் பேரை யூகான் அரசு சொல்லும். மீன், காட்டுவிலங்கு, காடு மூன்றையும் பற்றி அரசுக்குப் பரிந்துரை செய்வது வேலை. இவற்றுக்கு மேலே யூகான் முழுக்க ஒரு மீன், வனவிலங்கு வாரியம், அதிலும் ஆறுக்கு ஆறு.

அன்று வெளியே மைனஸ் 31. ஊர்க் கூடத்தில் ஒரு முப்பது பேர். மேசையில் பெரிய மின்சாரப் பாத்திரத்தில் மூஸ் கறிக் குழம்பு, ஒரு துணியை விலக்கினால் பேனக் என்கிற கெட்டி ரொட்டி, தேநீர். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கூட்டம், இதில் நம் ஊரைவிட அவர்கள் தெளிவு. சுவரில் ஒரு பெரிய வரைபடம், கலர் பேனாவால் கிறுக்கியது. ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் பைகள், உள்ளே ஏதோ எலும்பு. எடுத்துப் பார்த்தேன், கீழ்த்தாடையின் முன்பல் வரிசை, எட்டுப் பல். அனுமதிச் சீட்டு வாங்கி மூஸ் சுட்டவர் அந்தப் பல் வரிசையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பல்லின் வேரை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் இருப்பதுபோல வளையம் தெரியும். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு கோடு. அப்படி எண்ணி வயதைச் சொல்கிறார்கள். கிழ மூஸ்கள் குறைந்து குட்டிப் பயல்களின் பல்லாகவே வர ஆரம்பித்தால், அந்தப் பள்ளத்தாக்கில் சுடுவது கூடிவிட்டது என்று அர்த்தம்.

அரசு உயிரியலாளர் ஒரு சின்னப் பெண். ஹெலிகாப்டரில் எண்ணிய கணக்கைத் திரையில் காட்டினார். பரவாயில்லை, குறையவில்லை என்றது கணக்கு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, கண்ணி வைத்து விலங்கு பிடிக்கிற ஒரு பெரியவர் எழுந்தார். “மூஸை எண்ணினீர்கள், சரி. அந்தச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதையில் போன வண்டியை யார் எண்ணினார்கள்?” என்றார். அந்தப் பெண் குறிப்பேட்டை எடுத்து, “பாதை எங்கே தொடங்குகிறது?” என்று கேட்டார். பெரியவர் வரைபடத்துக்குப் போய்ப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அரைமணி நேரம் அந்தக் கோட்டைப் பற்றியே பேச்சு. யார் வீட்டு வண்டி, எந்த மாதம் ஆறு உறைகிறது, வெளியூர்க்காரர்கள் எங்கே கூடாரம் அடிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோடுதான் அன்றைய முழுக் கூட்டமும்.

அடுத்து, மீனைத் தூண்டிலில் பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது பற்றிப் பேச்சு வந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது நல்ல காரியம், மீன் சாகவில்லையே என்பார்கள். இங்கத்து மூத்தவர்களுக்கு அது பெரிய தப்பு. “மீனோடு விளையாடாதே” என்பார்கள். தன்னைக் கொடுக்க வந்ததைச் சீண்டிவிட்டுத் தூக்கி எறிவது மரியாதைக்கேடு, அப்புறம் அது வராது. இதை எந்தப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? இதேமாதிரி இன்னொன்று. 1990-களின் நடுவில் யூகானில் க்ளூயேன் ஏரிக்கு அருகே ரூபி மலைத்தொடரின் டால் செம்மறிகள் குறைந்தபோது, முதற்குடியும் அரசும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்துப் பேசினார்கள். கொம்பு முழுச் சுருள் சுருண்ட கிடாக்களை மட்டும் சுடுவது என்பது வேட்டை விதி. வயதானதுதானே, போனால் மந்தைக்கு நட்டமில்லை என்பது கணக்கு. மூத்தவர்கள் சொன்னது, அந்தக் கிழக் கிடாக்கள்தான் வாத்தியார்கள், குளிர்காலத்தில் எங்கே போக வேண்டும் என்று குட்டிகள் அவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன என்று. எத்தனை செம்மறி, எந்த வருடம், எங்கே என்று பெரியவர்கள் சொன்னதெல்லாம் பதிவாயிற்று. வாத்தியார் விஷயத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை, அதனால் அது அப்படியே நின்றுவிட்டது.

கிராமத்தான் சொன்னால் சரி, விஞ்ஞானி சொன்னால் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அப்படி எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் நடந்தது அப்படி இல்லை.

கேரிபூவை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வடக்கே மரமற்ற சமவெளியில் கோடையில் குட்டி போட்டு, குளிர்காலத்தில் தெற்கே காட்டுக்கு வருகிற லட்சக்கணக்கான மான்கள். 1949 வாக்கில் விமானத்திலிருந்து எண்ணி 6.7 லட்சம் என்றார்கள். 1955-இல் எண்ணி 2.8 லட்சம் என்றார்கள். அரசாங்கத்துக்குப் பகீரென்றது. குற்றவாளி யார் என்று தேடினார்கள். மனிடோபாவின் வடகோடியில் டக் ஏரி என்ற இடத்தில் சயீசி டெனே மக்கள் இருந்தார்கள், கேரிபூவை நம்பியே வாழ்ந்தவர்கள். அங்கே தண்ணீர்த் துறையில் ஏராளமான மான்கள் செத்துக் கிடக்கிற புகைப்படம் ஒன்று அதிகாரிகள் கைக்குப் போனது. வீணாகக் கொன்று குவிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் மான் ஆற்றைக் கடக்கிற இடத்தில் வேட்டையாடி, குளிரில் உறைய விட்டு, குளிர்காலம் முழுக்க எடுத்துத் தின்பது அவர்கள் வழக்கம். புகைப்படத்தில் இருந்தது அவர்களுடைய களஞ்சியம். நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தைப் படம் பிடித்து, பார் எப்படிப் பதுக்குகிறான் என்று சொல்வது மாதிரி.

அந்த ஊரிலிருந்த வணிகக் கடையும் மூடப்படுகிற சமயம். 1956-இல் விமானம் வந்து இறங்கியது. சுமார் 250 பேரை ஏற்றிக்கொண்டுபோய் ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்ற ஊரின் ஓரத்தில் விட்டார்கள். நாய்களையும் படகுகளையும் பொறிகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். குளிர், குடி, தீ விபத்து, வன்முறை. இருபது வருடம் ஆவதற்குள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் 1970-களின் தொடக்கத்தில் தாங்களாகவே காட்டுக்குத் திரும்பி டடூலி ஏரிக்கரையில் குடியேறினார்கள். 2016-இல் மத்திய அரசு மன்னிப்புக் கேட்டு, சுமார் 3.4 கோடி டாலர் ஈடு கொடுத்தது. நான் முதலில் இதைப் படித்த இரவு, எலும்பும் பல்லுமாக அந்தக் கூடத்தில் பார்த்த பைகளும் அந்தப் புகைப்படமும் மாறி மாறி மனதில் ஓடின. ஒன்றைச் செத்த மானென்று பார்க்கிறோமா, சாப்பாடென்று பார்க்கிறோமா என்பதில் ஓர் ஊரின் தலையெழுத்தே இருந்திருக்கிறது.

சரி, அப்புறமாவது பாடம் கற்றார்களா? 1980-இல் ஹட்சன் விரிகுடாவின் மேற்கே கமனிர்ஜுவாக் என்கிற கேரிபூ மந்தையை எண்ணிய உயிரியலாளர்கள் சுமார் 39,000-தான் மிச்சம் என்றார்கள். வடதுருவப் பக்கத்துப் பழங்குடிகளான இன்யுயிட் வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். மான் இருக்கிறது, நீங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் சண்டை முற்றி, 1982-இல் பெவர்லி, கமனிர்ஜுவாக் மந்தைகளுக்கென்று ஒரு கூட்டு வாரியம் அமைந்தது. 13 பேர், அதில் 8 பேர் மானைத் தின்கிற ஊர்களிலிருந்து. பெரும்பான்மையை ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அதே 1982-இல் திரும்ப எண்ணினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தது. இரண்டே வருடத்தில் மான் அவ்வளவு குட்டி போட முடியாது. வேட்டைக்காரர்கள் சொன்னதே சரியாக இருந்தது.

யூகானில் கதை இன்னொரு வழியாகப் போயிற்று. 1973 பிப்ரவரியில் எலைஜா ஸ்மித் என்ற தலைவரும் மற்ற முதற்குடித் தலைவர்களும் ஒட்டாவா போய், பிரதமர் பியர் ட்ரூடோவிடம் தங்கள் நில உரிமைக் கோரிக்கையை ஒரு புத்தகமாகக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து 1993 மே மாதம்தான் பொது ஒப்பந்தம் கையெழுத்தானது. இருபது வருடம். நான் அன்று குழம்பு சாப்பிட்ட கூட்டம் அந்த ஒப்பந்தத்தின் 16-ஆம் அத்தியாயத்திலிருந்து வந்தது. அதன்கீழ் ஒவ்வொரு முதற்குடியும் தனியாக ஓர் இறுதி ஒப்பந்தம் போட வேண்டும்; 14 முதற்குடிகளில் 11 போட்டு முடித்திருக்கின்றன, மூன்று கையெழுத்திடவில்லை.

ஆனால் ஒரு வார்த்தை இருக்கிறது: பரிந்துரை. சபை சொல்லும், அமைச்சர் 60 நாளைக்குள் ஏற்கலாம், மாற்றலாம், தள்ளலாம், பதிலுக்கு வேறொன்று வைக்கலாம். பரிந்துரைக்கு என்ன பலம் என்று கேட்டால் இங்கே எல்லோரும் பீல் ஆற்றைக் காட்டுவார்கள். அந்த ஆற்றுப் படுகை 67,000 சதுர கிலோமீட்டர். அங்கே நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏழு வருடம் ஊர் ஊராகக் கேட்டு, 80 விழுக்காட்டைக் காக்க வேண்டும் என்று திட்டக் குழு 2011-இல் சொன்னது. அரசு 2014-இல் அதைத் தலைகீழாக்கி, பெரும்பகுதியைச் சுரங்கத்துக்குத் திறந்து தன்னுடைய திட்டம் ஒன்றைப் போட்டது. முதற்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2017 டிசம்பர் 1 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அரசின் திட்டத்தை ரத்து செய்தது. கடைசிக் கட்டத்தில் வந்து முழுதாக மாற்றுவது செல்லாது என்றது. 2019-இல் வந்த இறுதித் திட்டம் 83 விழுக்காட்டைக் காக்கிறது. எல்லாப் பரிந்துரைக்கும் உச்ச நீதிமன்றம் வரை போக எந்த ஊரிடம் காசு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

காட்டு விஷயத்தில் சண்டை கொஞ்சம் குறைவு. 1990-களில் ஹெய்ன்ஸ் ஜங்ஷன் பக்கம் ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டு அடித்தது. குளிர் போதாததால் வண்டு சாகவில்லை. மூன்று லட்சம் ஹெக்டேருக்கும் மேல் காடு சிவந்து, பிறகு சாம்பல் நிறமாகிப் போயிற்று. நெடுஞ்சாலையில் போகும்போது இன்றைக்கும் பார்க்கலாம், நின்றபடி செத்த மரங்கள். ஷாம்பெய்ன், ஐஷிஹிக் முதற்குடியும் அந்தப் பகுதி வளச் சபையும் யூகான் அரசும் சேர்ந்து 2004-இல் அந்தக் காட்டுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். யூகானில் அப்படி வந்த முதல் வனத் திட்டம் அது. ஊரைச் சுற்றித் தீ பிடிக்காமல் செத்த மரத்தை எடுப்பது, அதை விறகுக்கும் பலகைக்கும் உள்ளூரிலேயே பயன்படுத்துவது, மூஸுக்கும் மற்றவற்றுக்கும் இடம் விடுவது. எங்கள் கடையில் விற்கிற விறகுக் கட்டைப் பிளந்தால் பட்டைக்கு உள்ளே வண்டு ஓடின பாதை தெரியும், கோலம் போட்டமாதிரி.

வேட்டைக்காரர்கள் சொன்னது சரியாகாமல் போன கதையையும் சொல்ல வேண்டும். யூகானுக்குக் கிழக்கே, வடமேற்கு ஆட்சிப்பகுதியின் தலைநகர் யெல்லோநைஃபுக்கு வடக்கே பாதர்ஸ்ட் என்கிற கேரிபூ மந்தை. 1986-இல் சுமார் 4.7 லட்சம். 2009-இல் 32,000. அந்தப் பகுதி முதற்குடியான டிலிச்சோ மக்களின் மூத்தவர்கள் பலர் நம்பவில்லை, மான் வேறு திசையில் போயிருக்கும், முன்பும் போயிருக்கிறது, திரும்பி வரும் என்றார்கள். கமனிர்ஜுவாக் கதை தெரிந்த எவருக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஆனால் இந்த முறை விமானக் கணக்கே சரி. வடமேற்கு ஆட்சிப்பகுதி அரசு 2010 ஜனவரி 1 முதல் அங்கே வேட்டைக்குத் தடை போட்டது. அதே விஷயத்தை விசாரிக்க வேண்டிய கூட்டு வாரியத்தின் விசாரணை அப்போது இன்னும் நடந்திருக்கவில்லை, இரண்டு மாதம் கழித்துத்தான் நடந்தது. மான் கணக்கு சரி, செய்த விதம் பழைய விதம். கோபம் வருமா வராதா? தடையை மீறி வேட்டைக்குப் போனார்கள். அப்புறம் பேசி, வருடத்துக்கு 300 மான், பெரும்பாலும் ஆண் மான், என்று ஒரு வழிக்கு வந்தார்கள்.

மந்தை அதற்குப் பிறகும் இறங்கியது. 2018-இல் சுமார் 8,200. வைரச் சுரங்கம், அதன் சாலை, புழுதி, ஓநாய், காட்டுத்தீ, வெப்பம், இன்னும் என்னென்னவோ. 2016 வாக்கில் வேட்டை முற்றிலும் நின்றது. இந்த இடத்தில்தான் டிலிச்சோ அரசு ஒன்று செய்தது. வேட்டை இல்லை என்று வீட்டில் உட்காராமல், 2016 கோடை முதல் மூத்தவர்களும் இளைஞர்களுமாகச் சின்னக் குழுக்களைக் கான்ட்வாய்டோ ஏரிக்கு அனுப்பியது. பாட்டன்மார் மான் பார்த்த பழைய இடங்களில் கூடாரம். படகிலும் நடையிலுமாகப் போய், மேட்டில் உட்கார்ந்து பார்ப்பது. மான் எப்படி நடக்கிறது, குட்டி கூட வருகிறதா, நொண்டுகிறதா, எதைத் தின்கிறது, ஓநாய் எங்கே, கொசு எவ்வளவு. எதையும் சுட மாட்டார்கள், பார்ப்பது மட்டும்தான். ஒவ்வொரு நாளும் எழுதி வைப்பார்கள், வருடா வருடம் அறிக்கையாக வரும்.

அந்த அறிக்கைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். தின்னவும் முடியாத மானைப் பார்க்கத் துப்பாக்கி இல்லாமல் அவ்வளவு தூரம் போய், கொசுக்கடியில் வாரக்கணக்கில் உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்? 2010-இல் தடையை மீறிய அதே சனங்கள் இவர்கள். அன்றைக்கும் அதே மான், அதே பசி. இந்த முறை அவர்களே போதும் என்று சொன்னார்கள்.

போன கோடையில் பாட்டி மீன் முகாமுக்கு வரச் சொன்னார். மீன் இல்லாத மீன் முகாம். கரையோரம் ஸ்ப்ரூஸ் கம்பில் மீன் உலர்த்துகிற பந்தல், பக்கத்தில் புகைக் குடில், கீழே புகை மூட்டத்துக்குப் பச்சை விறகு. கடற்கரையிலிருந்து வாங்கிவந்த சாக்கை என்கிற வேறு வகை சால்மன் ஒரு பெட்டி. பிள்ளைகளுக்கு அறுக்கச் சொல்லிக் கொடுக்க அதுதான். பாட்டி ஒரு மீனை எடுத்து முதுகோடு கத்தியை ஓட்டினார், எலும்பு ஒரு பக்கமாகத் தனியே வந்தது. “சினூக் இதைவிடத் தடிமன், கத்தியை இன்னும் சாய்க்கணும்” என்று பிள்ளைகளிடம் சொன்னார். இல்லாத மீனுக்குக் கத்தியைச் சாய்த்துக் காட்டினார்.

மத்தியானம் வலையை எடுத்து இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினார். எங்கள் கடை நூல், பார்த்தவுடன் தெரிந்தது. எலி கடித்த ஓட்டை ஆளுயரத்துக்கு இருந்தது.

“மீனவர் பேரன்தானே, இந்தா” என்று வலை பின்னுகிற ஊசியை என் கையில் கொடுத்தார்.

ஊசியில் நூலைச் சுற்றுவதிலேயே தடுமாறினேன். முதல் முடிச்சு போட்டு இழுத்தேன், உருவிக்கொண்டு வந்தது. இரண்டாவது இறுகியது, ஆனால் கண் கோணலாக, பக்கத்துக் கண்ணைவிட இரண்டு விரல் பெரிதாக வந்தது. தாத்தா திண்ணையில் காலை நீட்டி, கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு பின்னுவார், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊசி எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பாட்டி சிரிக்கவில்லை. பக்கத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டே நின்றான். சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து ஊசியை வாங்கி, நான் போட்ட முடிச்சை அவிழ்த்தான்.